தொட்டி அளவுக்குத்தான் மீன் வளருமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு அப்புத்தளையில், தோட்டத்துக் குவாட்டர்ஸில். பத்து மாதத்துக்கு முன் என் அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் ‘ரெட் டெயில் கெட்பிஷ்’ குஞ்சு இரண்டு வாங்கினார். ஒரே பையில் வந்தவை, இரண்டும் இரண்டரை அங்குலம். ஒன்றை வத்தளையில் தன் வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை எனக்குத் தந்தார். இருவரிடமும் மூன்றடித் தொட்டிதான். “தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும், பயப்பட வேண்டாம்” என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். என் மீன் ஐந்து அங்குலத்தில் நின்றுவிட்டது. அண்ணனுடையது ஒன்றரை அடி. கடைக்காரர் சொன்னது என் வீட்டில் சரி, அண்ணன் வீட்டில் பிழையா? நான் ஹீட்டர் போட வேண்டுமா? பிறகு பெருத்துவிட்டால் பீலிக்குக் கீழே ஓடையில் விட்டுவிடலாமா?
– வாசகர், அப்புத்தளை

பதில்: ஆய்வுகூடத்தில் பணம் செலவழித்துச் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்றை நீங்களும் அண்ணனும் உங்களை அறியாமலே செய்து முடித்திருக்கிறீர்கள். ஒரே பையில் வந்த குஞ்சுகள், ஒரே வயது, ஒரே அளவுத் தொட்டி. வேறுபட்டது ஊர் மட்டும். தொட்டியின் நீளம்தான் மீனின் நீளத்தைத் தீர்மானிக்கிறது என்றால் வத்தளை மீனும் ஐந்து அங்குலத்தில் நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. ஆகவே கடைக்காரரின் விதி உங்கள் கடிதத்திலேயே தோற்றுப் போய்விட்டது.

ஆனாலும் அந்த விதியைச் சும்மா தள்ளிவிட முடியாது. மீன் விற்கும் ஊர்களிலெல்லாம் அது உலாவுகிறது. மூன்றடித் தொட்டிக்காரருக்கு மூன்றடி மீனை விற்க அதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. கண்ணாடி எங்கே முடிகிறது என்று அளந்து பார்த்து, “இத்துடன் போதும்” என்று முடிவெடுக்கும் உறுப்பு எந்த மீனுக்கும் இல்லை. நமக்குக் குறிப்பிட்ட ஒரு வயதை எட்டியபின் எலும்பு முனைகள் மூடிக்கொள்ளும், உயரம் நின்றுவிடும். பெரும்பாலான மீன்களுக்கு அப்படி ஒரு மூடல் கிடையாது. வேகம் குறைந்தாலும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். இதை முடிவுறா வளர்ச்சி என்பார்கள்.

அப்படியானால் சின்னக் கிண்ணத்தில் வருடக்கணக்காகச் சின்னதாகவே இருக்கும் பொன்மீனை நாம் பார்த்திருக்கிறோமே என்பீர்கள். உண்மைதான். அங்கே மீனை நிறுத்துவது கிண்ணத்தின் விளிம்பு அல்ல, அதிலுள்ள தண்ணீர். கொஞ்சத் தண்ணீரில் கழிவு சீக்கிரம் சேரும், ஒட்சிசன் சீக்கிரம் தீரும். ஓயாத நெருக்கடியில் மீனின் உடம்பில் கோர்ட்டிசோல், அதாவது அழுத்தம் வந்தால் சுரக்கும் ஹோர்மோன், உயர்ந்தபடியே இருக்கும். அது பசியையும் வளர்ச்சியையும் சேர்த்து அமுக்கும். கிண்ணத்து மீன் குட்டையாக இருப்பது நோயாளி மெலிந்திருப்பதைப் போலத்தான். அதை ‘அளவோடு வளர்ந்திருக்கிறது’ என்று பாராட்டுவது நம்முடைய வழக்கம். (வெளியுடம்பு நின்றாலும் உள்ளுறுப்புகள் வளர்ந்துகொண்டே போய் மீன் வெடித்துவிடும் என்று இன்னொரு கதையும் உண்டு. அதையும் நம்ப வேண்டாம். குறுகிய இடத்தில் முதுகெலும்பு வளைவது உண்டு, ஆயுள் குறைவது உண்டு, வெடிப்பது கிடையாது.)

உங்கள் தொட்டியின் தண்ணீரும் மோசமாக இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன். முதல் சந்தேகம் வேறு ஒன்றின் மேல்: குளிர்.

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரம். வத்தளை கடற்கரை. வத்தளையில் ஹீட்டர் இல்லாத தொட்டியின் தண்ணீர் வருடம் முழுக்க 27, 28 பாகை செல்சியஸில் நிற்கும். உங்கள் வீட்டில், அடுப்பங்கரைச் சுவரோரம் வைத்திருந்தாலும், 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். தை மாதத்து விடியற்காலையில் அதற்கும் கீழே இறங்கும். உங்கள் மீனோ அமேசன், ஒரினோகோ ஆறுகளின் பிள்ளை. பிரேசிலில் அதைப் பிரராரா என்பார்கள். அது பிறந்த ஆற்றில் தண்ணீர் இளஞ்சூடானது.

மீன் குளிர் இரத்தப் பிராணி. இரத்தம் குளிர்ந்திருக்கும் என்று இதற்குப் பொருளல்ல. தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக் காக்காமல், சுற்றியுள்ள தண்ணீரின் சூட்டையே தன் சூடாகக் கொள்ளும் பிராணி என்று பொருள். தண்ணீர் 10 பாகை இறங்கினால் உடம்புக்குள் நடக்கும் இரசாயன வேலைகளின் வேகம் பாதியாக, சில வேளை மூன்றில் ஒன்றாகக் குறையும். செரிமான நொதியங்கள், அதாவது உணவை உடைக்கும் புரதங்கள், மந்தமாகிவிடும். வத்தளையில் ஒரு நாளில் செரிக்கும் இறால் துண்டு உங்கள் மீனின் வயிற்றில் இரண்டு மூன்று நாள் கிடக்கும். வயிறு காலியாகாத மீனுக்கு எங்கிருந்து பசி வரும்?

வேகம் பாதியானால் மீனும் பாதி அளவாவது வளர்ந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சம்பளம் பாதியான வீட்டில் சேமிப்பு பாதியாகக் குறைவதில்லை. அரிசி, பருப்பு, மின்சாரக் கட்டணம் போனபின் சீட்டுக் கட்ட ஒன்றுமே மிஞ்சுவதில்லை. மீனுக்கும் மூச்சு விட, இதயம் அடிக்க, உப்புச் சமநிலையைக் காக்க என்று ஒரு நிலையான செலவு உண்டு. குளிரில் அந்தச் செலவும் கொஞ்சம் குறையும். ஆனால் தீனி அதைவிட வேகமாகக் குறைந்துவிடும். வளர்ச்சி என்பது மிச்சத்திலிருந்து மட்டும் வருவது. உங்கள் மீனுக்கு மிச்சம் ஏறக்குறையப் பூச்சியம். பத்து மாதமாக அது வளர்ந்தது என்பதைவிடச் சாகாமல் இருந்திருக்கிறது என்பதே சரி.

குளிர் எல்லா மீனுக்கும் கெடுதல் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊரிலிருந்து மேலே ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால், 1880களில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காக மலையகத்துக்குக் கொண்டுவரத் தொடங்கிய ட்ரவுட் மீனின் சந்ததி இன்னும் ஓடைகளில் இருக்கிறது. அதுவும் வேட்டை மீன்தான். 25 பாகைக்கு மேல் போனால் அதற்கு மூச்சு முட்டும். வத்தளைத் தொட்டியில் அது ஒரு நாள் தாங்காது. உங்கள் மீனும் அந்த ட்ரவுட்டும் வீட்டை மாற்றிக்கொண்டால் இரண்டுக்கும் பெரும் நிம்மதி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மீன்களை அப்படி வீடு மாற்றியதால் வந்த வினைகளைக் கீழே சொல்லப் போகிறேன், ஆகவே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, ஹீட்டர். போடலாம். போட்டால் மீன் வளரும். அதுதான் சிக்கலே.

முதலில் செலவைப் பார்ப்போம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் விளிம்புவரை 190 லீற்றர். அறையைவிடத் தண்ணீர் 8 பாகை கூடுதலாக நிற்க வேண்டுமென்றால், கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் போகும் சூட்டை ஈடுகட்ட, இரவும் பகலும் சராசரி 100 வாட் தேவைப்படும் என்பது என் கணக்கு. ஒரு நாளைக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 70க்கு மேல். யூனிட் கூடக் கூடக் கட்டண வீதமும் ஏறும் நம் மின்பட்டியலில் இது வீட்டுக்கு இன்னொரு குளிர்சாதனப் பெட்டி வந்த மாதிரி. பின்புறமும் இரு பக்கமும் ரிஜிபோம் அட்டை ஒட்டி, மேலே இறுக்கமான மூடி போட்டால் கணிசமாகக் குறைக்கலாம். மூடி எப்படியும் வேண்டும். இந்த மீன் எதையாவது கண்டு மிரண்டால் துள்ளும்.

ஹீட்டரைத் தொட்டிக்குள் வெறுமனே தொங்கவிட வேண்டாம். ரெட் டெயில் கெட்பிஷ் வாய்க்குள் போகும் எதையும் விழுங்கிப் பார்க்கும் இனம். கூழாங்கல், பில்டரின் குழாய், கூட இருக்கும் மீன் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஹீட்டரை விழுங்கிய கதைகள் இந்த மீனை வளர்ப்பவர்களிடையே பிரசித்தம். கண்ணாடி ஹீட்டருக்குத் துளையிட்ட குழாய் உறை போடுங்கள், அல்லது பில்டர் பெட்டிக்குள் வையுங்கள். சூட்டை ஒரே நாளில் ஏற்றக் கூடாது. நாளுக்கு ஒரு பாகை வீதம் போதும்.

இனி மலைக்கே உரிய ஒரு கஷ்டம். குளிர்ந்த தண்ணீர் ஒட்சிசனைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும், சூடான தண்ணீர் குறைவாக. கடல் மட்டத்தில் 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 28 பாகையில் 7.8. ஆனால் 1,430 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு, கரையும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். ஆகவே உங்கள் வீட்டில் 28 பாகைக்குச் சூடாக்கிய தண்ணீரில் 6.6 மில்லிகிராமுக்கு மேல் நிற்காது. அண்ணனின் தொட்டியில் 7.8 நிற்கும். சூடேறிய மீனுக்கோ முன்னைப் போல இரண்டு மடங்கு ஒட்சிசன் தேவை. எனவே அப்புத்தளையில் ஹீட்டர் வாங்குகிறவர் எயார் பம்பும் சேர்த்தே வாங்க வேண்டும்.

மின்சாரம் நின்றால்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டுப் போன காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கிய சம்பவத்தையும்தான். உங்கள் தொட்டி மணிக்கு அரைப் பாகைக்குக் குறைவாகவே குளிரும். ஆகவே சில மணி நேர மின்வெட்டில் குளிர் மீனைக் கொல்லாது. ஒட்சிசன் குறைவுதான் முந்திக்கொள்ளும். பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று கையில் இருந்தால் போதும்.

தண்ணீருக்கு வருகிறேன். மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அமோனியாவாக வெளியேற்றும். அமோனியா நஞ்சு. பில்டரின் பஞ்சில் குடியேறும் பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும் (அதுவும் நஞ்சு), பிறகு ஓரளவு தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றும். பில்டர் என்றால் அழுக்கு வடிக்கும் துணி என்று பலர் நினைத்து, வாரம் ஒரு முறை குழாய் நீரில் பிழிந்து வெள்ளையாக்கிவிடுகிறார்கள். அதில் போவது பற்றீரியாக்கள். தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து அதில் லேசாக அலசினால் போதும். குளிரில் இந்தப் பற்றீரியாக்களும் உங்கள் மீனைப் போலவே சோம்பலாகிவிடும்.

இதற்கு மேல் மலைநாட்டுத் தண்ணீருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. நம் மலைகளின் பாறை பெரும்பாலும் தண்ணீரில் கரையாத கடும்பாறை. அதனால் பீலித் தண்ணீர் மென்னீர், அதாவது கல்சியம் காபனேற்று போன்ற உப்புகள் குறைவான நீர். (வெலிமடை, பதுளைப் பக்கம் சுண்ணாம்புக்கல் படிவங்கள் உள்ள இடங்களில் மாறலாம்.) சமையலுக்கும் தேநீருக்கும் இது அருமை. தொட்டிக்கு ஒரு பொறி. பற்றீரியாக்கள் அமோனியாவிலுள்ள ஒரு கிராம் நைதரசனை மாற்றும்போது ஏழு கிராம் கல்சியம் காபனேற்றுக்கு ஈடான காரத்தன்மையைத் தின்றுவிடும். மென்னீரில் அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்து, தண்ணீரின் பி.எச். பெறுமானம், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, திடுமென்று இறங்கும். அமிலத் தண்ணீரில் பற்றீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். அமோனியா சேரும், ஆனால் அமில நீரில் அது அமோனியம் என்ற சாந்தமான வடிவில் கிடக்கும், மீனும் சாந்தமாக இருக்கும். “தண்ணீர் அழுக்காகிவிட்டதே” என்று நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் தொட்டியை மாற்றுவீர்கள். புதுத் தண்ணீரில் பி.எச். ஏறும், எஞ்சியிருக்கும் அமோனியம் அமோனியாவாக மாறும், மாலைக்குள் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். நல்லது செய்யப் போய்த்தானே இப்படி ஆனது என்று எழுதும் வாசகர்கள் மலையகத்திலிருந்துதான் அதிகம். பில்டர் பெட்டியில் ஒரு கைப்பிடி மட்டி ஓட்டைக் கழுவிப் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காரத்தன்மையை ஈடுசெய்யும். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீருக்கு மேல் மாற்ற வேண்டாம்.

பீலித் தண்ணீரைப் பற்றி இன்னொன்று. அது குளோரின் போடாத தண்ணீர் என்று மகிழ வேண்டியதுதான். ஆனால் அது தேயிலை மலை வழியாக வருகிறது. 1946இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த கொப்புள நோய்க்கு, அதாவது கொழுந்தில் கொப்புளம் போட வைக்கும் பூஞ்சை நோய்க்கு, செப்புக் கலந்த மருந்து அடிப்பது பழைய வழக்கம். செப்பு மனிதருக்குப் பிரச்சினையாகாத அளவிலேயே மீனின் செவுளைக் கெடுக்கும். மென்னீரில் அதன் நஞ்சு இன்னும் கூடும், ஏனென்றால் செப்பைத் தடுத்து நிறுத்தும் கல்சியம் அங்கே இல்லை. மேல்மலையில் மருந்து அடித்த வாரத்தில் மழை பெய்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். முன்கூட்டியே ஒரு பரல் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

தீனியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ‘வளரவில்லையே’ என்று கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிறைச்சியும் கோழி ஈரலும் போடத் தொடங்குவார்கள். நிலத்து விலங்கின் கொழுப்பு குளிர்ந்த மீன் வயிற்றில் இளகாது. ஈரலில் போய்ப் படியும். மிதக்கும் அல்லது மூழ்கும் தீனிக் குளிகை, திலாப்பியாத் துண்டு, ஓடு நீக்கிய இறால் போதும். உயிர்மீனைப் பிடித்துப் போடுவது பார்க்கச் சுவாரசியம்தான், ஆனால் அதோடு ஒட்டுண்ணியும் உள்ளே வரும். குளிரில் இருக்கும் உங்கள் மீனுக்கு வாரத்துக்கு இரண்டு முறை போட்டால் போதும்.

இவ்வளவும் செய்தால் என்ன ஆகும்? வத்தளையில் ஆனதுதான் ஆகும். அடுத்த வருடம் உங்கள் மீனும் ஒன்றரை அடியைத் தாண்டும். இயற்கையில் இந்த இனம் 1.3 மீற்றர் நீளமும் 40 கிலோவுக்கு மேல் எடையும் எட்டியிருக்கிறது. வீட்டுத் தொட்டியிலே ஒரு மீற்றர் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மீன் மூக்கை இடிக்காமல் திரும்ப வேண்டுமென்றால் தொட்டியின் அகலமாவது அதன் நீளத்துக்குக் குறையக் கூடாது. அதாவது அகலம் 1.2 மீற்றர், நீளம் குறைந்தது 3.5 மீற்றர், ஆழம் ஒரு மீற்றர். 4,200 லீற்றர், எடையில் நான்கு தொன்னுக்கு மேல். குவாட்டர்ஸின் முன்னறையில் இது நடக்கும் காரியமல்ல. சூடாக்கும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டி உங்களை வருத்த விரும்பவில்லை. குளிரில் வைத்தால் மீன் குட்டையாகி வாடும், சூட்டில் வைத்தால் வீட்டைவிட்டு வளரும். உங்கள் மீனுக்கு உங்கள் வீட்டில் மூன்றாவது வழி கிடையாது. எனவே ஹீட்டர் போடுவதென்றால், அதற்கு வேறு வீடு தேடும்வரை அது சுகமாக இருக்கட்டும் என்பதற்காகப் போடுங்கள். 24 பாகை போதும்.

அந்த வேறு வீடு ஓடையாக இருக்கக் கூடாது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேரடிப் பதில் இது.

“அப்புத்தளை ஓடையின் குளிரில் அது எப்படியும் பிழைக்காதே, யாருக்கு நட்டம்?” என்று தோன்றும். ஓடை அப்புத்தளையிலேயே நின்றால் சரி. உங்கள் ஊர் ஒரு மலை முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வடக்கே சரியும் தண்ணீர் உமா ஓயா வழியே மகாவலிக்குப் போகிறது. தெற்கே சரிவது வளவை கங்கைக்கும் கிரிந்தி ஓயாவுக்கும் போகிறது. வெல்லவாய அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து 200 மீற்றர் அளவில்தான். அங்கே தண்ணீர் வத்தளையைப் போலவே சூடு. அதற்கும் கீழே லுணுகம்வெஹெர போன்ற நீர்த்தேக்கங்கள், உங்கள் மீனுக்கு அமேசனின் இன்னொரு கிளை. போதாததற்கு 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் வடக்குச் சரிவின் தண்ணீரைச் சுரங்கம் வழியே தெற்குச் சரிவுக்குத் திருப்புகிறது. முன்பு மலை பிரித்து வைத்திருந்த இரண்டு ஆற்றுப் படுகைகள் இப்போது ஒன்றோடொன்று தொடர்புபட்டிருக்கின்றன.

நாட்டில் இது நடக்காத கதையும் அல்ல. கத்தி மீன் என்று கடைகளில் விற்ற, தென்கிழக்காசியாவைச் சேர்ந்த தட்டையான வேட்டை மீன் யாரோ தொட்டியிலிருந்து விட்டதால் 1990களிலேயே பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்தில் காணப்பட்டது. அங்கிருந்து மேல் மாகாணத்தின் வேறு நீர்நிலைகளுக்கும் போய்விட்டது. அண்மையில் குருணாகல் மாவட்டத்துத் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் நம் விராலின் பிறநாட்டு இராட்சத உறவினர் ஒருவர் தலைகாட்டினார். நன்னீர் மீன்பிடியை நம்பியிருக்கும் குடும்பங்கள் அங்கே திலாப்பியா குறைவதைக் கண்டு பதறின. 2025 தொடக்கத்தில், நக்டா என்று நாம் அழைக்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அந்த மீனைப் பிடித்துக் குறைப்பதற்காகவே தூண்டில் போட்டி அறிவிக்கும் நிலைக்கு வந்தது. அதே ஆண்டு கடற்றொழில் அமைச்சின் வர்த்தமானி பிரானா, கத்தி மீன், அலிகேட்டர் கார், ரெட்லைன் விரால் என்ற நான்கையும் உயிரோடு வைத்திருப்பதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் தடைசெய்தது. உங்கள் மீன் அந்த நான்கில் இல்லை. பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருந்து திருந்துவது நமக்குப் பழக்கம் என்றாலும், இந்த முறை முந்திக்கொள்ளலாம்.

செய்யக்கூடியவை சில. வாங்கிய கடையிலேயே திரும்பக் கேளுங்கள். பெரிய மீன்களைக் காட்சிக்கு வைக்கும் கடைகளும் ஹோட்டல் குளங்களும் ஐந்து அங்குல மீனை வாங்கத் தயங்க மாட்டா. சின்னதாக இருக்கும்போதே இதைச் செய்வதுதான் புத்தி. மூன்றடி மீனை இலவசமாகக் கொடுத்தாலும் ஆள் கிடைக்காது. நக்டாவின் அலங்கார மீன் பிரிவினரிடம் வழி கேட்கலாம். எதுவுமே ஆகாமல் மீன் வாடிக்கொண்டே போனால், வலியில்லாமல் அதன் உயிரை முடிப்பது ஓடையில் விடுவதைவிட நல்ல காரியம். பார்மசியில் பல்வலிக்கு விற்கும் கராம்பு எண்ணெய் மீனுக்கு மயக்க மருந்து. லீற்றருக்குப் பத்துத் துளி வீதம், முதலில் ஒரு போத்தல் வெந்நீரில் நன்றாகக் குலுக்கிக் கலக்கிவிட்டு, மீன் இருக்கும் வாளியில் ஊற்றினால் அது தூங்கி, தூக்கத்திலேயே போய்விடும். செவுள் அசைவு நின்றபின்னும் அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் போடுவது இரக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது இரக்கமல்ல.

அதன் பிறகு தொட்டி காலியாக இருக்குமே என்றால், அப்புத்தளைக் குளிர் பொன்மீனுக்கு இதமான குளிர். இரண்டு பொன்மீன் அந்தத் தொட்டியில் ஹீட்டரே இல்லாமல் பத்து வருடம் வாழும். வேட்டை மீன்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் ஒஸ்கார் ஒன்றே ஒன்று, ஓர் அடியளவில் நிற்கும். அதற்கும் ஹீட்டர் வேண்டும், மூன்றடித் தொட்டியும் அதற்குச் சிறிதுதான், ஐந்தடியாவது வேண்டும். ஆனால் அது முடிகிற காரியம். குளிரைத் தாங்கும் வேறு வேட்டை மீன்களும் உலகில் உண்டு. அவற்றின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். உங்கள் தொட்டியில் ஹீட்டர் இல்லாமல் செழிக்கும் மீன் உங்கள் ஓடையிலும் செழிக்கும், ஆகவே பொன்மீனையும் ஓடையில் விடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டு மீன்களில் அவசரம் உங்களுடையதற்கு அல்ல. ஒன்றரை அடி மீன் ஒன்றரை அடி அகலத் தொட்டியில் இருக்கிறது. அது இன்று திரும்புவதே உடம்பை வளைத்துத்தான் இருக்கும். அண்ணனிடம் அதை முதலில் இடம் மாற்றச் சொல்லுங்கள். கொண்டுபோகும்போது பொலித்தீன் பை வேண்டாம். கெளுத்தி இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு மார்புச் செட்டையின் முன்னால் ஒரு முள் உண்டு. மிரண்டால் அதை விறைப்பாக விரிக்கும், இரட்டைப் பையையும் கிழித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் பாதியளவு பழைய தொட்டித் தண்ணீர் விட்டு, புறப்படுவதற்கு முந்தின இரண்டு நாளும் தீனி போடாமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.